சிறிய சில்லுக்கு டைனமோ பூட்டுதல்

வன்னியில் மடிப்புச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அதிகமில்லை. பெரிய சில்லும் அகன்ற கெரியரும் கொண்ட சைக்கிள்கள் நெல்மூட்டையும் விறகும் ஏற்றி ஓடிப் பழகிய வீதிகளில், இருபது அங்குலச் சில்லோடு ஒருவர் போனால் சிறுவர்கள் இன்றும் நின்று பார்க்கிறார்கள். ஆனாலும் பேருந்திலோ ரயிலிலோ வந்து ஏ9 வீதியோரம் இறங்கி, அங்கிருந்து உள்ளூர் வீதி வழியே பல கிலோமீற்றர் போகவேண்டிய என்னைப் போன்றவர்களுக்கு அதைவிட உதவியான வாகனம் வேறில்லை. இதில் ஒரே இடைஞ்சல் இருட்டுத்தான். எங்கள் பகுதியில் எந்த மாதமாக இருந்தாலும் மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடும். வேலை முடிந்து முறிகண்டியில் இறங்கி அக்கராயன் பக்கம் திரும்புகின்ற நேரமும் ஏறத்தாழ அதுவேதான்.

மின்னேற்றிப் பயன்படுத்தும் விளக்குகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன என்பதை அறிவேன். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால், நாள்தோறும் ஓடுகின்ற ஒருவர் ஒவ்வொரு இரவும் நினைவாக மின்னேற்ற வேண்டிய பொருள் ஒன்றை நம்பி, தெருவிளக்கற்ற கிரவல் வீதியில் இறங்குவது எனக்கு ஒப்பவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததையும், எரிபொருள் இல்லாமல் நாடு முழுவதும் மக்கள் சைக்கிளைத் தேடியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அதைவிடப் பெரிய காரணம் வீதியில் இருக்கிறது. மழைக்காலத்தில் நனையாத இடம் தேடி மாடுகள் தார் வீதியில் வந்து படுக்கின்றன. எருமையோ தார் நிறத்திலேயே இருக்கும். காட்டோரத் துண்டுகளில் யானை கடப்பதும் புதிதல்ல. மிதிக்கும் வரையில் அணையாத விளக்கு ஒன்றே, அதாவது சில்லின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் டைனமோவில் எரியும் விளக்கே, இதற்குப் போதுமானது என்பது என் முடிவு.

அந்த டைனமோவைப் பூட்ட முனைந்தபோது, பரந்தன் பக்கத்தில் நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்தும் ஒருவர், சில்லைப் பார்த்ததும் எச்சரித்தார்: "தம்பி, உந்தச் சின்னச் சில்லு பெரிய சில்லைவிட வேகமாச் சுத்தும். டைனமோ பூட்டினா பல்ப் நிக்காது, எரிஞ்சு போடும்." நான், "சில்லு வேகமாச் சுத்தும் அண்ணை, ஆனா ரயர் வேகமா ஓடாதே" என்றேன். அவர் சற்று யோசித்து, "அதுவும் சரிதான்" என்றார். சிறிய சில்லுச் சைக்கிளுக்கு டைனமோ பூட்ட நினைப்பவர்கள் பலரும் தடுமாறுகின்ற இடம் இதுவேயாகையால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரயரின் பக்கச்சுவரில் உரசி ஓடும் போத்தல் வடிவ டைனமோவுக்குச் சில்லின் அளவு தெரியாது. ரயரின் மேற்பரப்பு என்ன வேகத்தில் தன்னைக் கடந்து செல்கிறதோ அந்த வேகத்துக்கு ஏற்பவே அதன் தலை சுழலும். அந்த வேகமோ சைக்கிள் வீதியில் ஓடும் வேகத்துக்கு ஏறத்தாழச் சமம். மணிக்கு 15 கிலோமீற்றர் என்றால் நிமிடத்துக்கு 250 மீற்றர். டைனமோத் தலையின் விட்டம் 22 மில்லிமீற்றர் என்று கொண்டால் அதன் சுற்றளவு 69 மில்லிமீற்றர். ஆகவே அது நிமிடத்துக்கு 3,600 தடவைக்குச் சற்று மேலாகச் சுழலும். இந்தக் கணக்கில் சில்லின் விட்டம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இருபத்தெட்டு அங்குலச் சில்லிலும் பதினாறு அங்குலச் சில்லிலும் அதே டைனமோ அதே வேகத்தில் அதே வெளிச்சத்தைத்தான் தரும்.

சில்லின் நடுவே, அச்சோடு சேர்ந்த குடத்துக்குள் அமைந்த டைனமோவின் கதை வேறு. அது சில்லோடு சேர்ந்தே சுழல்வதால், அண்ணையின் எச்சரிக்கை அங்கேதான் பொருந்தும். மணிக்கு 15 கிலோமீற்றரில் நமது வழக்கமான 28 அங்குலச் சில்லு நிமிடத்துக்கு ஏறத்தாழ 112 சுற்றுச் சுற்றும். 20 அங்குலச் சில்லு 160 சுற்றும், 16 அங்குலச் சில்லு 190 சுற்றும் சுற்றும். பெரிய சில்லுக்கென்று செய்யப்பட்ட குட டைனமோவைச் சிறிய சில்லில் பூட்டினால், மெதுவான ஓட்டத்திலேயே விளக்கு நன்றாக எரியத் தொடங்கும், ஆனால் மிதிப்பவருக்குத் தேவையற்ற சுமையும் சேரும். ஆகவேதான் சிறிய சில்லுக்கென்று இலகுவான, இழுவை குறைந்த குட டைனமோக்களைத் தனியாகச் செய்கிறார்கள். ஜேர்மனியின் ஷ்மிட் நிறுவனத்து 'சொன் டிலக்ஸ்' அப்படி வந்த ஒன்று. பின்னாளில் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் எல்ஈடி விளக்குகள் பெருகியதும் அதைப் பெரிய சில்லுகளிலும் பூட்டத் தொடங்கினார்கள். பிரொம்ப்டன் போன்ற மடிப்புச் சைக்கிள்களில், முன்சில்லை இருபுறமும் பிடித்திருக்கும் முன்கவையின் இடைவெளி 74 மில்லிமீற்றர் மட்டுமே. சாதாரண முன்குடத்துக்கு 100 மில்லிமீற்றர் வேண்டும். அந்த இடுக்குக்குள் அடங்குவதற்கென்று ஒடுக்கமான குடங்களும் உண்டு.

அண்ணையின் எச்சரிக்கைக்கு இன்னொரு மறுமொழியும் இருக்கிறது. டைனமோ என்று நாம் அழைப்பது, உண்மையில் நிலைக்காந்தம் சுழன்று ஆடலோட்டம், அதாவது திசை மாறிமாறி ஓடும் மின்னோட்டம், தருகின்ற பொறி. வேகம் கூடக்கூட மின்னழுத்தம் ஏறும். அதேவேளை ஆடலோட்டத்தின் மீடிறனும், அதாவது நொடிக்கு அது திசை மாறும் தடவைகளும், ஏறுவதால், டைனமோவுக்குள் இருக்கும் கம்பிச்சுருளின் தூண்டல் ஓட்டத்துக்கு இடும் தடையும் ஏறும். இரண்டும் ஒன்றையொன்று பெருமளவுக்கு ஈடுசெய்து, ஓட்டம் அரை அம்பியரை அண்டியே நின்றுவிடுகிறது. 6 வோல்ற், 3 வாற் என்று டைனமோவின் உடலில் பொறித்திருப்பதன் பொருள் இதுதான். மின்குமிழ் எரிந்துபோவதற்கு வேகத்தைவிடப் பொதுவான காரணம் வேறொன்று. முன்விளக்கு 2.4 வாற், பின்விளக்கு 0.6 வாற் என்று பங்கிட்டு அமைத்த பழைய முறையில், முன்குமிழ் ஒருநாள் அணைந்தால் அரை அம்பியரும் பின்குமிழுக்கே போகும். அது தாங்கக்கூடியது அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே சில நொடியில் அதுவும் போய்விடும். இரண்டு விளக்கும் ஒரே இரவில் போய்விட்டன என்று பழைய ஆட்கள் சொல்வதன் இரகசியம் இது.

குட டைனமோ திறமையானது. மழையில் நழுவாது, சத்தமில்லை. பணமும் வசதியும் இருப்பவருக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆயினும் நான் போத்தல் டைனமோவையே எடுத்தேன். குட டைனமோவில் சில்லுக் கம்பிகள் கோக்கும் விளிம்புவளையம் பெரிது, நமது றிம் சிறிது. ஆகவே கம்பிகள் மிகக் குட்டையாக வேண்டும், அவற்றை வழக்கம்போல மூன்று குறுக்காக, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடக்குமாறு, பின்னினால் றிம்மிலுள்ள நிப்பிளுக்குள் சரிவாக நுழைந்து கழுத்தில் முறியும். ஒற்றைக் குறுக்காகவோ நேராகவோ பின்ன வேண்டும். அந்த அளவுக் கம்பி கிளிநொச்சியில் கையோடு கிடைப்பதில்லை. போத்தல் டைனமோவோ, ஜப்பானிலிருந்து இறக்கப்படும் பழைய சைக்கிள்களைக் கழற்றி விற்கும் கடைகளில் கிடைக்கும். கெட்டுப்போனால் எந்தச் சந்தியிலும் திருத்துவதற்கு ஆள் உண்டு.

அந்த ஆட்கள் இங்கே இருப்பது தற்செயலல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்து, பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாகி, மின்சாரமும் இல்லாதிருந்த ஆண்டுகளில், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வானொலிக்கு உயிர் கொடுத்தது சைக்கிள் டைனமோதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் பிபிசி தமிழோசையைச் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலி கேட்பது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். நடுவில், ஓட்டத்தை ஒரே திசையில் விடும் இருவாயிகளும் அதன் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யும் ஒரு கொள்ளளவியும் இல்லாவிட்டால் செய்திக்குப் பதிலாக இரைச்சல்தான் வரும் என்பதை பௌதிகவியல் படிக்காதவர்களும் அன்று அறிந்திருந்தார்கள். இன்று எல்ஈடி விளக்குக்குள் இருப்பதும் அதே சுற்றுத்தான்.

இனிப் பூட்டும் வேலை. பெரிய சைக்கிளில் டைனமோவை முன்கவையின் காலில் பட்டியால் இறுக்கிவிடலாம். மடிப்புச் சைக்கிளில் அந்த இடத்தைப் பிரேக் கைகள் பிடித்திருக்கின்றன, கவையின் காலும் குட்டை. எனது சைக்கிளின் சில்லு 406 மில்லிமீற்றர் றிம்மும் 20×1.75 ரயரும் கொண்டது. டைனமோத் தலை உரச வேண்டிய பட்டை, ரயரின் தோளுக்கும் றிம்மின் விளிம்புக்கும் இடையே சில மில்லிமீற்றர் அகலமே. கவையோடு பிரேக்கைப் பிணைக்கும் போல்ற்றின் கீழ் வைத்து இறுக்கத்தக்கதாக, 3 மில்லிமீற்றர் தடிப்பான இரும்புத் தகட்டை வளைத்துத் துளையிடச் செய்தேன். தகட்டின் தடிப்பு போல்ற்றின் மரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்பதால், போல்ற்றையும் அவ்வளவு நீளமானதாக மாற்ற வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது; அது பிரேக்கின் போல்ற்.

எந்தப் பக்கத்தில் பூட்டுவது என்பதை மடிப்பே தீர்மானிக்கிறது. எனது சைக்கிள் நடுவிலுள்ள கீலில் இடப்பக்கமாக மடிகிறது. மடிந்ததும் முன்சில்லின் இடப்பக்கம் பின்சில்லின் இடப்பக்கத்தோடு முகம் பார்த்து நிற்கும். ஆகவே இடப்பக்கத்தில் டைனமோ இருந்தால் சைக்கிள் மூடாது, அல்லது பின்சில்லின் கம்பிக்குள் டைனமோ புகும். வலப்பக்கம்தான் ஒரே வழி. ஆனால் கடையில் கிடைத்ததோ இடக்காலின் முன்புறம் பூட்டுவதற்கான டைனமோ. வலக்காலின் முன்புறம் வைத்தால் அதன் வில் ரயரை நோக்கி அழுத்தாது, வெளியே தள்ளும். இதற்கு விடை எளிது: இடக்காலின் முன்புறத்துக்குரிய டைனமோவை அரைச்சுற்றுத் திருப்பி வலக்காலின் பின்புறம் வைத்தால் வில் சரியாகவே வேலை செய்யும். தலை எதிர்த்திசையில் சுழலுமே என்ற கவலை வேண்டாம். ஆடலோட்டத்துக்குத் திசை ஒரு பொருட்டல்ல.

பூட்டும்போது அதிக நேரம் எடுக்க வேண்டியது கோணத்துக்குத்தான். டைனமோவின் நடு அச்சைக் கற்பனையில் நீட்டினால் அது சில்லின் அச்சு மையத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் தலை உருளாது, தேய்த்துக்கொண்டே ஓடும். இழுவையும் இரைச்சலும் கூடும். இந்தப் பிழை சிறிய சில்லில் பெரிதாகிறது. பெரிய சில்லில் ஒரு சென்ரிமீற்றர் விலகினால் கோணம் ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேல். 20 அங்குலச் சில்லில் அதே விலகலுக்கு இரண்டரைப் பாகை வரை வரும். டைனமோவின் மேல் ஒரு நூலைப் பிடித்து அச்சின் நட் வரை இழுத்துப் பார்ப்பதே போதுமான அளவுகோல். தலைக்கும் ரயருக்கும் இடையில், அணைத்து வைத்திருக்கும்போது ஒரு சென்ரிமீற்றர் வெளி இருக்கட்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, தகடும் டைனமோவும் ஒருபோதும் இளகக்கூடாது. ஓடும்போது டைனமோ சரிந்து முன்சில்லின் கம்பிக்குள் போனால் சைக்கிள் நிற்கும், ஓட்டுபவர் நிற்கமாட்டார். இளகாத நட் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள்.

சிறிய சில்லுக்கு ஒரு கணக்கு பாதகமாகவே அமைகிறது. டைனமோவின் வேகம் மாறாவிட்டாலும், ரயரின் ஒவ்வொரு பகுதியும் டைனமோவைச் சந்திக்கும் தடவைகள் மாறுகின்றன. ஒரு கிலோமீற்றருக்கு 28 அங்குலச் சில்லு ஏறத்தாழ 450 தடவை சுற்றும், 20 அங்குலச் சில்லு 645 தடவை. ஆகவே பக்கச்சுவர் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாகத் தேயும். மெல்லிய மஞ்சட் பக்கச்சுவர் கொண்ட ரயர்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். நூல் வெளியே வந்துவிடும். பக்கச்சுவரில் வரிவரியாக டைனமோத் தடம் பதித்த, தடித்த கறுப்பு ரயரே பொருத்தமானது. காற்றையும் இறுக்கமாக வைத்திருங்கள். றிம் நெளிந்திருந்தால் டைனமோ ஒவ்வொரு சுற்றிலும் துள்ளி விளக்கு மினுங்கும். டைனமோவைக் குறை சொல்லும் முன் றிம்மை நேராக்குங்கள்.

விளக்குக்கு இழைக் குமிழை நாடவேண்டிய காலம் போய்விட்டது. டைனமோவுக்கென்றே செய்த எல்ஈடி முன்விளக்கு, அதே 3 வாற்றில் பழைய குமிழைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும். எனது விளக்கு ஜேர்மனியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்தது. அங்கே 2013 வரை பெரும்பாலான சைக்கிள்களுக்கு டைனமோ விளக்குச் சட்டப்படி கட்டாயமாக இருந்ததால், நல்ல டைனமோ விளக்கு செய்யும் தொழில் அந்த நாட்டில் வேரூன்றியிருக்கிறது. அவ்விளக்குகளின் சிறப்பு பிரகாசம் மட்டுமல்ல. மோட்டார் வாகனத்தின் தாழ்வொளிபோல மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளியாகையால், எதிரே வருபவரின் கண்ணில் குத்தாமல் வெளிச்சம் முழுவதும் வீதியில் விழும். உள்ளே பெரிய கொள்ளளவி ஒன்றும் இருப்பதால், சைக்கிள் நின்ற பின்பும் சில நிமிடம் விளக்கு மங்கலாக எரியும். ஏ9 வீதியைக் கடப்பதற்காக ஓரத்தில் நிற்கும்போது, யாழ்ப்பாணம் நோக்கி விரையும் பேருந்துகளுக்கு நாம் தென்படுவது அதனால்தான். டைனமோவிலிருந்து கைத்தொலைபேசிக்கு மின்னேற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: தனிச் சுற்று ஒன்று வைத்தால் பகலில் முடியும், இரவில் விளக்கோடு சேர்த்து எதிர்பார்க்காதீர்கள்.

முன்விளக்கை ஹாண்டிலில் பூட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மடிப்புச் சைக்கிளின் ஹாண்டில் தண்டு உயர்ந்து தாழும், மடியும். ஒவ்வொரு தடவையும் வயர் இழுபடும், விளக்கின் கோணமும் மாறும். கவையின் தலைப்பகுதியில் பூட்டினால் விளக்கும் டைனமோவும் ஒரே உறுப்பில் இருக்கும், வயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டியதில்லை. சிறிய சில்லு காரணமாக விளக்கு நிலத்திலிருந்து அரை மீற்றரை அண்டிய உயரத்திலேயே நிற்கும். அதைக் குறையென்று சொல்வார்கள். கிரவல் வீதியில் அது நன்மையே. தாழ்வாக வரும் வெளிச்சம் குழியின் விளிம்புக்கு நீண்ட நிழல் தருவதால், ஹாண்டில் உயரத்திலிருந்து பார்த்தால் தட்டையாகத் தோன்றும் பள்ளமும் கறுப்பாகத் தெரியும். ஒளியின் மேல்விளிம்பு பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி விழுமாறு சாய்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் காலடி இருண்டுவிடும்.

பின்விளக்குக்கான வயர் மட்டுமே கீலைக் கடக்க வேண்டியிருக்கிறது. பழைய சைக்கிள்களில் ஒற்றை வயர் இழுத்து, மறுபாதையாகச் சைக்கிளின் இரும்புச் சட்டத்தையே பயன்படுத்தினார்கள். டைனமோப் பட்டியிலுள்ள கூர்முனைத் திருகாணி பெயின்ற்றைக் குத்தி இரும்பைத் தொடுவது அதற்காகத்தான். மடிப்புச் சைக்கிளில் இதை நம்பக்கூடாது. கீலில் கிறீசும் நைலோன் வளையமும் இருக்கும், சட்டம் பெரும்பாலும் அலுமினியம், தொடர்பு விட்டுவிட்டு வரும். இரட்டை வயர் இழுத்துவிடுங்கள். கீலின் மேலாகப் போகும் பின்பிரேக் கேபிள், மடிப்புக்குத் தேவையான தளர்வை ஏற்கெனவே கணக்கிட்டு அமைத்தது. வயரை அதன் மேல் சுருளாகச் சுற்றிக்கொண்டு போனால் தனியாக வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. சைக்கிளை மடித்தும் விரித்தும் பார்த்த பிறகே கட்டுகளை இறுக்குங்கள்.

மாரியில் டைனமோ நழுவும் என்ற குற்றச்சாட்டை மறுக்கமுடியாது. வெறும் தண்ணீரைவிடச் செம்மண் கரைந்த சேறுதான் மோசம். உலோகத் தலைக்கும் ரயருக்கும் இடையில் அது எண்ணெய்போலப் படிகிறது. தலையின் மேல் மாட்டும் ரப்பர் உறை பெருமளவு உதவும், ஆனால் அது தலையின் விட்டத்தைக் கூட்டுவதால் டைனமோ சற்று மெதுவாகச் சுழலும். எல்ஈடி விளக்குக்கு அந்த இழப்புத் தெரிவதில்லை. முன்மட்காட்டின் கீழ்முனையில் பழைய ரியூப் துண்டொன்றைத் தொங்கவிட்டால், எகிறும் சேற்றில் ஒரு பகுதி தடைப்படும். இழுவை இருக்கவே செய்யும். 3 வாற் மின்சாரத்துக்கு நல்ல போத்தல் டைனமோகூட ஏறத்தாழ 10 வாற் உழைப்பைக் கேட்கும். சாதாரணமாக மிதிக்கும் ஒருவர் 70 முதல் 100 வாற் வரை கொடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அது ஏழில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை. எதிர்க்காற்றுள்ள மாலைகளில் அது காலில் தெரியும். பகலில் டைனமோவைத் தூக்கி வைத்துவிடலாம் என்பதே போத்தலுக்குள்ள ஆறுதல்.

இப்போது எனது சைக்கிளில் மாற்ற வேண்டியிருப்பது முன்ரயர் மட்டுமே. டைனமோ ஓடும் பட்டையில் பக்கச்சுவர் மெருகேறி வழுவழுப்பாகிவிட்டது. ரயரைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிப் போட்டால், தேயாத சுவர் டைனமோவுக்கு வரும். அதே ரயரில் இன்னொரு மாரியையும் ஓட்டிவிடலாம்.